முதல் தண்ணீர்

சயான் ஆஸ்பத்திரி, இரவு இரண்டேகால்.
பெஸ்ட் பஸ் கண்டக்டர் பாக்கியநாதன்
வயிறு திறந்து கிடக்கிறார்.
இதயத்தில் எங்கோ திரண்ட ரத்தக்கட்டி ஒன்று
குடலுக்குப் போகும் தமனியின் வாசலில்
டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்துவிட்டது.

நான் மயக்க மருந்து டெக்னீஷியன்,
தலைமாட்டில் நிற்பவன்.
துணித் திரைக்கு அப்பால் இருப்பதை
டாக்டர் கர்மார்க்கர் சொல்லித்தான் கேட்பேன்.
"சாம்பல்" என்றார். "இன்னும் கறுக்கவில்லை."

கட்டியை எடுத்தாயிற்று.
இடுக்கியை அவிழ்ப்பதுதான் பாக்கி.
புதுப் பையன் சாத்விக்
முகக்கவசத்துக்குள் சிரித்தான், முடிந்ததென்று.

முடியவில்லை தம்பி.
ரத்தம் நின்றபோது செத்ததைவிட
திரும்பும்போது சாவது சில நேரம் அதிகம்.
பட்டினி கிடந்த குடல்
கசடையெல்லாம் தேக்கி வைத்திருக்கிறது.
மூச்சு வந்ததும் மொத்தமாய் விடும்.
அது போய்ச் சேரும் முதல் வீடு
கல்லீரல்.

தாராவியில் பிறந்தவனுக்கு இது பாடமே இல்லை.
இரண்டு நாள் நின்ற முனிசிபாலிட்டித் தண்ணீர்
மூன்றாம் நாள் விடிகாலை வரும்போது
குழாய் முதலில் இருமும்,
காற்றைத் துப்பும்,
பிறகு துருவும் சாக்கடை வாடையுமாய்
ஒரு டீ நிறம்.
சந்தில் முதல் குழாய் எங்களுடையது.
பின்னாலிருக்கும் பதினாறு வீட்டுக்கும்
தெளிந்து போகும்.
எங்கள் குடத்தில் மட்டும் அடியில் மண்.
அதனால் அக்கா முழுசாய்த் திறக்கமாட்டாள்.
கொஞ்சம் விடுவாள், மூடுவாள்.
கொஞ்சம் விடுவாள்,
முகர்ந்து பார்ப்பாள்.

கர்மார்க்கரும் அப்படித்தான்.
தளர்த்தி அரை நிமிஷம்,
இறுக்கி அரை நிமிஷம்.
சுவர்க் கடிகாரம் பார்த்து நான் எண்ணினேன்,
அவருக்குக் கேட்க "தீஸ்" என்று,
வாய்க்குள் முப்பது என்று.
பலிக்குமென்று சத்தியம் பண்ணமாட்டேன் என்பார்.
எலிகளிடம் பலித்திருக்கிறதாம்.
மனிதரிடம், பார்க்கலாம்.

ஆறாம் முறை முழுசாய் விட்டார்.
அழுத்தம் அறுபதுக்கு இறங்கியது.
மருந்தைக் கூட்டிக்கொண்டே காத்திருந்தேன்.
நெடுநேரம் கழித்துத் திரைக்கு அப்பாலிருந்து
"ரோஜா" என்று ஒரு சொல்.

கல்லீரல்.
யார் வைத்த பெயரோ,
கல் என்று சொல்லிவிட்டு
ஈரம் என்று திருத்திக்கொண்டதுபோல.
பயந்தால் நடுங்குவது ஈரக்குலை,
பிள்ளையைப் பிரிந்தால் அறுவதும் அதுவே.
பாட்டெல்லாம் இதயத்துக்கு.
யாரோ உடைத்ததைச்
சத்தமில்லாமல் கூட்டி அள்ளுவது இதற்கு.

வெளியே பெஞ்சில் ஜெபக்கனி.
"அடைப்பு குடல்லதானே,
ஈரலுக்கு ஏன் ரத்தம் எடுக்குறீங்க?"
குழாய்க் கதை சொன்னேன்.
நான் முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.
கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பை
இழுத்து இழுத்து மூடினாள்.
"நாசிக்லேருந்து பெரியவன் வரான்.
அப்பனும் மகனும் பேசி ஒன்பது வருஷம்.
இவரு கண்ணு முழிச்சதும்
அவனை ஒரேயடியா முன்னால விட்டுறாதீங்க."

காலையில் ஈரலின் எண் நானூற்றுப் பத்து.
மாலையில் நானூற்று இருபது.
மறுநாள் முந்நூற்று எண்பது.
நல்லதென்று யாரும் சொல்லவில்லை.
கெட்டதென்றும்.

மூன்றாம் நாள் ஐசியூ வாசலில்
ஹெல்மெட்டும் கையுமாய் ஒருவன்,
மழையில் நனைந்த சட்டை.
ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்கள்.
வெளியே வந்தான்.
மறுபடி உள்ளே.
நான் கடிகாரம் பார்த்து எண்ணவில்லை என்றால்
பொய்.

மூன்றாம் முறை
கண் திறக்காமலே கண்டக்டர்
கட்டில் கம்பியில் விரலால் தட்டினார்.
இரண்டு தட்டு.
இரண்டு மணி என்றால்
போகலாம் என்று அர்த்தம்.

பையன் போகவில்லை.