நடு

எங்கள் வீட்டில் திரை ஒன்றுதான்.
படம் ஓடுவதும் அதில்,
படத்தைத் திருத்தும் பெட்டி திறப்பதும் அதிலேயே.
நடிகையின் முகம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க
முதலில் அவள் முகத்தை மறைக்க வேண்டும்.
கன்னத்தின் மேல் ஒரு சாம்பல் சதுரம்.
அதற்குள் பொடி எழுத்தில்
அவள் நிறம், அவள் வேகம்,
உதட்டைவிட்டுக் குரல் எத்தனை மில்லிநொடி பிந்துகிறது
என்ற கணக்கு.

லியபாயா துறைமுகத்தில் எனக்குக் கிரேன், இரவு முறை.
விஸ்மாவுக்கு டிராம் பணிமனை, பகல்.
காலை ஆறரைக்கு மாடிப்படியில் சந்திப்போம்.
ஒற்றைச் சாவி கை மாறும்.
சில நாள் பாதி ரொட்டியும்.
மற்ற பேச்செல்லாம்
தொலைக்காட்சிக்கு அடியில் விசிறி உறுமிக்கொண்டிருக்கும்
அந்தக் கணினி வழியாகத்தான்.
மச்சினன் கழித்துப் போட்ட பாகங்களில் நானே கோத்தது.

இரவில் அவள் தூக்கம் வந்து நிறுத்திய இடத்தில்
காலையில் நான் உட்காருவேன்.
'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று கேட்கும்.
ஆம் என்பேன்.
அப்படி எத்தனையோ படங்களுக்கு
எனக்கு முடிவு மட்டும் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உரித்தபடி
அவள் தொடக்கங்களைச் சொல்வாள்.
கொன்றவன் யாரென்று நான் சொல்வேன்.

எனக்குப் பிசகு பொறுக்காது.
நொடிக்கு இருபத்து நான்கு சட்டகம் அறுபதில் ஒட்டாது;
ஒன்று இரண்டு தரம் நிற்கும், அடுத்தது மூன்று தரம்,
ரயில் ஜன்னலில் நகரும் மரங்கள் நொண்டும்.
திரையையே இருபத்து நான்குக்கு இறக்கினேன்.
வசன வரிகளை நெற்றியிலிருந்து
கீழே கறுப்புப் பட்டைக்குத் தள்ளினேன்.
குரலை நூற்று நாற்பது மில்லிநொடி முன்னால் இழுத்தேன்.

அக்டோபரில் ஒரு காலை,
ஒலிச் சமன் இடப்பக்கம் இரண்டு புள்ளி நகர்ந்திருந்தது.
நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
மறுநாளும் அப்படியே.
பூனை ரிமோட்டில் படுத்திருக்கும் என்று
ஒரு வாரம் பூனையைத் திட்டினேன்.
நவம்பரில் நான்கு.
டிசம்பரில் ஏழு.
ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்:
நடுவில் வை. நடு என்றால் நடு.
கீழே பென்சிலில் 'சரி' என்றிருந்தது.
அன்றும் ஏழு.

ஜனவரியில் காற்று எல்லை மீறி
கிரேன்களைக் கட்டிப்போட்டார்கள்.
பதினொரு மணிக்கே வீடு வந்தேன்.
சோபாவில் அவள்,
இடத்தோள் கதவுப் பக்கம்.
விஸ்மா, என்றேன்.
பூனை திரும்பிப் பார்த்தது.
இன்னொரு தரம், சற்று உரக்க.
திரையில் யாரோ கப்பல் ஏறினார்கள்.
ஈரச் சப்பாத்தோடு கம்பளத்தைச் சுற்றிப் போய்
வலப்பக்கம் நின்று மெல்லச் சொன்னேன்.
"வந்துட்டியா?" என்றாள்.
"காத்து," என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம்.

இரண்டு, நான்கு, ஏழு.
யாரிடமும் காட்டாத காதின் கணக்கை
அவள் ஒவ்வோர் இரவும் அங்கே எழுதியிருக்கிறாள்.
இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கேட்கும் இடத்தைத்
தேடித் தேடி நகர்த்தியிருக்கிறாள்.
நான் காலைதோறும் துடைத்து வைத்திருக்கிறேன்,
ஒழுங்கானவன் என்ற பெயரோடு.
நூற்று நாற்பது மில்லிநொடியைப் பிடித்த ஆளுக்கு
இது பிடிபட நான்கு மாதம்.

அவள் உறங்கியபின் பெட்டியைத் திறந்தேன்.
நின்ற படத்தில் மாலுமியின் பாதி முகம் மறைந்தது.
ஒன்பது.
'இயல்பாகச் சேமி' என்பதை அழுத்தினேன்.
தாளைக் கிழித்தேன்.
பசை சுவரில் தங்கிவிட்டது.

ஞாயிறு அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன்.
படத்தை முதலிலிருந்தே போட்டோம்.
இடது ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஓசை
அவளைத் தாண்டித்தான் என்னிடம் வருகிறது:
அலை, சங்கிலி, ஒருவன் இருமுவது.
"ஒனக்கு ஒரு பக்கமாக் கேக்குதா?"
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
திரையிலிருந்து கண் எடுக்காமல்,
தொடக்கம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:
"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்டப் போறேன்."
சாவி ஒன்றுதானே,
நானும் வருகிறேன் என்றேன்.