கைமாற்று

மூன்று பகடை உருட்டு, கூட்டு, பத்தால் பெருக்கு.
புதிதாய்ப் பிறக்கும் வீரனின் மடியில்
அவ்வளவு பொன் இருக்கலாம் என்கிறது விதிப்புத்தகம்,
காப்பிக் கறைக்குச் சற்றுக் கீழே.

துலூத் நகரில் ஏரி உறைந்து முனகும் மாதங்களில்
சலவைக்கடை மாடியில், வியாழன்தோறும்,
நான்தான் உலகம்.
மழை, ஓநாய், சுங்கச்சாவடி, சாவு
எல்லாம் என் வாயிலிருந்து.
பகலில் கூட்டுறவு வங்கியில் கடன் மேசை.
யாருக்கு எவ்வளவு என்பதுதான்
இரண்டு இடத்திலும் என் பிழைப்பு.

முதல் வருஷம் சமத்துவம் பேசினேன்:
யார் வந்தாலும் நூறு.
பனி வாரும் லாரி ஓட்டுகிற ஆரின்
ஒரே மாலையில் ஓட்டையைக் கண்டுபிடித்தான்.
அவன் வீரன் முதல் குழியிலேயே குதித்துச் செத்தான்.
தம்பி வந்தான், புது நூறோடு.
அண்ணன் பையையும் அவிழ்த்துக்கொண்டான்.
தம்பியும் குதித்தான்.
நான்காவது தம்பி வந்து சேர்ந்தபோது
எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு இரும்புக் கவசம்.
"அந்தம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்?"
என்றாள் லவோன், சிரிப்பை அடக்கமாட்டாமல்.
"புத்தகத்தில் வரம்பு போடவில்லை" என்றான் ஆரின்.

அதற்குப் பிறகுதான் பகடை.
டெப்போவுக்கு நூற்றெழுபது விழுந்தது.
குதிரை, சேணம், வெள்ளிக் கண்ணாடி,
பத்தடிக் கழி ஒன்று; எதற்கென்று
மூன்று வருஷமாய் அவனுக்கே தெரியாது.
மடியில் கனம், வழியில் பயமும் இல்லை.
காசுள்ளவன் எவனும் என் ஊரில்
ஒரு கடைக்காரன் பெயரைக் கேட்டதில்லை.
பட்டியலைப் பார்ப்பார்கள், கழிப்பார்கள்,
கிளம்பிவிடுவார்கள்.

இந்த ஜனவரியில் பா ஞியா வந்தாள்.
கப்பல் பட்டறையில் வெல்டர்,
விரலெல்லாம் பொறி சுட்ட புள்ளிகள்.
அதற்குள் டெப்போவுக்கு ஒரு கோட்டையே இருந்தது.
பத்தாயிரம் கொடு, எங்களோடு நடக்கணும் என்றான்.
நம் எல்லோருக்கும் சராசரி என்றாள் லவோன்.
ஆரின் மட்டும் மேசையைத் தட்டினான்:
"நாங்கள் எலி அடித்துச் சேர்த்தது!"
"நீ அடித்தது எலியையா?"

அவர்கள் முடிப்பதற்குள் அவள் உருட்டிவிட்டாள்.
ஒன்று. ஒன்று. ஒன்று.

முப்பது பொன்னை வைத்துக்கொண்டு
விலைப்பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தாள்,
சம்பளத்துக்கு முந்தின நாள்
பலசரக்குக் கடையில் நிற்பவளைப் போல.
தோல் சட்டை இருபது. கோடரி ஏழு.
கயிறு ஒன்று. மிச்சம் இரண்டு.
வில் நாற்பது.

"கைமாற்றாய்க் கிடைக்குமா?"

புத்தகத்தைப் புரட்டினேன்.
விஷத்துக்குப் பக்கம் உண்டு.
டிராகன் விழுங்கினால் உள்ளே என்ன ஆகும்,
அதற்கும் அட்டவணை உண்டு.
கடனுக்கு இல்லை.
நாளெல்லாம் ஊரார் சம்பளச் சீட்டைக் கேட்கும் எனக்கு
வாய் அடைத்தது.
"யாரிடம்?" என்றேன், நேரம் கடத்த.
"வில் விற்கிறவரிடம்தான். அவர் பேர் என்ன?"

கீழே துணி இயந்திரம் ஒன்று
சுற்றி முடித்து நின்றது.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: ஓல்டா.
ஒரு கண் மங்கல். விதவை.
"கடை அவங்களுடையதா?"
புருஷனுடையது.
"அவர் எங்கே?"
கடையை வைத்து நூறு பொன் வாங்கிக்கொண்டு போனான்,
போன முதல் நாளே
ஒரு குழியில்...

ஆரின் பென்சிலைக் கீழே வைத்தான்.
"எந்தக் குழி?"
நான் பதில் சொல்லவில்லை.
மூன்று வருஷமாய் அவன் தாளில்
அழித்து அழித்து எழுதிய பொன் கட்டம்
ரப்பர் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது.

பா ஞியா தன் கட்டத்தை நிரப்பினாள்.
வெளியே சைபருக்குக் கீழே இருபத்திரண்டு.
அவள் தாளில் சைபருக்குக் கீழே முப்பத்தெட்டு.
"வட்டி எவ்வளவு கேட்பாங்க?" என்றாள்.

ஆரின் அவளை முந்திக்கொண்டான்,
என்னைப் பார்க்காமல்,
பகடையை உள்ளங்கையில் மூடியபடி:
"பிள்ளைகள் எத்தனை, அந்தம்மாவுக்கு?"