இரண்டாம் டர்பைன் நடக்கிறது

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
இரண்டாம் டர்பைன் படுத்து ஒன்பதாம் நாள்
போலந்திலிருந்து வந்தார் ஸ்பிக்னியெவ்.
ஃபிட்டர் தனபாலன் பெயரைச் சொல்லிப் பார்த்துத்
தும்மினான்.

அவர் ஆங்கிலம் பாதி, என் ஆங்கிலம் பாதி,
சேர்த்தாலும் முழுசாகவில்லை.
நடுவில் ரன் என்ற ஒரே சொல்
கிரீஸ் துணி மாதிரி
கண்டதையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தது.

தராசு மேடைக் கிராணி நான்.
ஷிஃப்ட் பதிவேடும் என் தலையில்.
ஓரத்தில் எனக்காகத் தமிழில் குறிப்பேன்:
முதலாம் டர்பைன் ஓடுகிறது.
அவர் சிவப்புப் பேனாவால் பக்கத்தில்: ஹோஜி.
அப்படியென்றால்?
மேசைமேல் இரண்டு விரலை நடக்கவிட்டார்.
அவர் ஊரில் இயந்திரம் நடக்கும்.
கடிகாரமும் நடக்கும்.
அவசரமில்லாத தேசம், என்று நினைத்து
மேலே பார்த்தால் என் கையெழுத்திலேயே
சூடா ஜாலான்.
ஏழு வருஷமாக மலாயில் அதை நடக்கவைத்திருக்கிறேன்,
கவனிக்காமல்.

தேநீர் வேளையில் கேள்விகள் பெருகின.
மானேஜருக்குச் சளி. ஆங்கில மூக்கு ஓடும்,
நம் மூக்கு ஒழுகும்,
அவர்களுடையதும் ஒழுகுமாம், சியெக்னியே,
பாய்லர் வால்வுக்கும் அதே சொல்தானாம்.
அஞ்சலையக்கா கடையை நாம் நடத்துகிறோம் என்போம்;
அவர்கள் கையைப் பிடித்து
முன்னே அழைத்துப் போகிறார்கள்.
எதிர்ச்சுவரில் தேர்தல் போஸ்டர்.
ஆங்கிலத்தில் இவர் ஓடுகிறார், தமிழில் நிற்கிறார்.
எவ்வளவு நாளாக, என்றார்.
எனக்குத் தெரிந்து அசையவில்லை, என்றேன்.

அப்போது தனபாலன், வாயில் வடையோடு,
இவளும் ரன் அவே கேஸ்தான் சார் என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
ஸ்பிக்னியெவ் போல்ட்டின் அளவு கேட்பதுபோல்
என்னிடம் கேட்டார்:
உச்செக்வாவா, ஓதெஷ்வாவா?
முதலாவது, பின்னால் யாரோ துரத்த.
இரண்டாவது,
மறுபடி அந்த விரல்கள்,
மேசை விளிம்புவரை நடந்து
இறங்கின.

பதினோரு வருஷம் கழித்து ஒருவர் கேட்கிறார்.

அன்று குழாயை இறுக்கி மூடினேன்.
கொடியில் காய்ந்ததை மடித்தேன், அவன் சட்டையையும்.
கெட்டுவிடுமே என்று மீன் குழம்பை
இன்னொருமுறை சுடவைத்தேன்.
தெலுக் இந்தான் பஸ் நாற்பது நிமிஷம் தாமதம்.
மண்டோர் பார்த்தார். ஆயக்கொட்டகைக்குப்
பிள்ளை தூக்கி வந்தவர்கள் பார்த்தார்கள்.
பெட்டியோடு நின்றுகொண்டே இருந்தேன்,
தேர்தலில் நிற்பவரைப் போல.
சாயங்காலத்துக்குள்
ஓடிப்போயிருந்தேன்.

போயிட்டா என்று சொல்ல நம்மிடம் சொல் இல்லாமலா?
சாவுக்கே அதைத்தானே தருகிறோம்.
எனக்கு மட்டும் ஊர்
முன்னால் ஒரு ஓடியைக் கட்டி அனுப்பியது.
நாலு வருஷத்தில் நான் வேலைக்குத் திரும்பி வந்ததற்கு
எந்தச் சொல்லும் எடுத்துவைக்கவில்லை.

ஓதெஷ்வா, என்றேன்.
திருத்தினார். தன்னைச் சொல்லும்போது
கடைசியில் ஒரு ம் வேண்டும்:
ஓதெஷ்வாம்.
சொல்லி முடித்தால் உதடு தானாக மூடிக்கொள்கிறது.

என் மனைவியும் ஓதெஷ்வா, என்றார் பிறகு,
பேனா மூடியைத் தேடியபடி.
அங்கேயும் சாவுக்கு அதே சொல்தானாம்.
இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.
மூடி என் காலடியில் கிடந்தது.

நாலேகாலுக்குத் தரை அதிர்ந்தது.
மேசைமேல் டம்ளர் நகர்ந்தது.
வெளியே குலை லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன.
ஓரத்தில் ஓடு வரை எழுதி,
அடித்துவிட்டு,
நடக்கிறது என்று போட்டேன்.

ரன்னிங்கா, என்று கத்தினான் தனபாலன்.
இல்லை, என்றேன்.
ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு
உள்ளே ஓடினான்.