பழைய கணக்கு

புதியது வந்து பதினோரு நாள்.
மெலிந்த உடம்பு, சத்தமே கிடையாது.
ஓடுகிறதா இல்லையா என்று
அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

பழையது மேசைக்கு அடியில்
இன்னும் அதே இடத்தில்.
கால் நீட்டினால் இடிக்கிறது.
அதன் விலாவில் பாதத்தைச் சூடேற்றிக்கொண்டுதான்
லியபாயா மீன் ஆலைக்குச்
சம்பளப் பட்டியல் போட்டேன்,
பதினான்கு குளிர்காலம்.

பள்ளிக்கூடத்தில் கேட்டேன்.
தலைமையாசிரியை வெகு மரியாதையாக,
"எங்களிடமே இதுபோல் ஆறு கிடக்கின்றன,
உங்களுக்கு ஒன்று தரட்டுமா?" என்றாள்.

விளம்பரம் கொடுத்தேன்.
ஒருவன் ஏழு யூரோ என்றான்.
மறுநாள் பேருந்துக் காசைக் கழித்து
நான்கு என்றான்.
அப்புறம் பேச்சே இல்லை.

கழிவு நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.
தராசில் வைப்பார்கள், ஒன்பது கிலோ.
அப்படியென்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று
கை தன்னால் வகுத்தது:
அறுநூற்று நாற்பத்து மூன்று கிராம்.
ஒரு கறுப்பு ரொட்டி.

உல்டிஸ்தான் குறுக்கே விழுந்தான்.
"போட்டுவிடாதே, அதன் விசிறி எனக்கு வேண்டும்.
புகைப்பெட்டியில் புகை ஒரு மூலையிலேயே தேங்குகிறது.
வலப்பக்கத்து மீனெல்லாம் வெளிறிக் கிடக்கிறது, பார்."
பார்த்தேன். கிடந்தது.
ஆக, முடிவை நான் எடுக்கவில்லை.
மீன் எடுத்தது.

வட்டு மட்டும் பாக்கி.

ஞாயிறு இரவு, அவன் தூங்கிய பிறகு
கடைசியாக ஒருமுறை உயிர்ப்பித்தேன்.
இருமிற்று, கனைத்தது, எழுந்தது.
வரிப் படிவங்கள். ஆலை மூடிய அறிவிப்பு.
பீட்ரூட் ஊறுகாய்க் குறிப்பு,
அதே குறிப்பு இன்னொரு பெயரில்.
'பல்வேறு' என்றொரு கோப்புறை,
அதற்குள் 'பல்வேறு இரண்டு',
அதற்கும் உள்ளே
யாரும் திறக்கக் கூடாதென்றே
'கொதிகலன் உத்தரவாதம்' என்று பெயரிட்ட கடிதம்.

உல்டிஸ், என்று தொடங்கும்.
ஒன்பது தடவை எழுதியிருக்கிறேன்.
முதல் வடிவம் நான்கு பக்கம்.
ஒன்பதாவது இரண்டே வரி.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அறை பேசி
முன்பணமும் கொடுத்திருந்த மார்ச் மாதம் அது.

அச்சுப்பொறியில் மை தீர்ந்திருந்தது.
கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.
திங்கட்கிழமை பனி உருகி
நிலவறையில் முழங்கால் தண்ணீர்.
விடிய விடிய இருவரும் வாளியால் இறைத்தோம்.
அதைக் காதல் என்று சொல்ல மாட்டேன்.
தண்ணீர் வடிந்தது.
முன்பணத்தை அந்தக் கிழவர் திருப்பித் தரவில்லை.

அழிக்கப் போனால்
'நிச்சயமாகவா?' என்றது இயந்திரம்.
இல்லை என்று அழுத்திவிட்டு
சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினேன்.

காலையில் கொட்டகையில்
வட்டைப் பிடியில் இறுக்கி
துளைப்பானோடு நின்றான்.
"இதில் ஏதாவது இருக்கிறதா?"
"பழைய கணக்கு."
"முடிந்த கணக்கா?"
"துளை போடு, சூப் ஆறுகிறது."

ஒன்று.
இரண்டாவது பாதியில் முனை மழுங்கி
வேறு முனை தேடினான், அப்போதும் நான் நின்றேன்.
மூன்றாவதற்கு என்னைப் பார்த்தான்.
தலையசைத்தேன்.
அவன் சட்டைக் கையில் வெள்ளிச் சுருள்கள்.
தட்டிவிட்டேன்.
ஒன்று என் கட்டைவிரலில் ஏறிற்று,
மாலை வரை வெளியே வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பொத்தான் பேட்டரியும் கிடைத்தது.
எல்லாம் அணைந்த பிறகும்
மணி என்ன என்பதை மட்டும்
மறக்காமல் வைத்திருந்தது அதுதானாம்.
சமையலறைத் தராசில் பொருத்தினேன்.
கண் சிமிட்டிப் பூச்சியம் காட்டியது.
"ஒரு வாரம் வந்தால் அதிகம்" என்றான் உல்டிஸ்.

சனிக்கிழமை மீன் வெளியே வந்தது.
இரு பக்கமும் ஒரே நிறம்.
பார்த்தாயா, பார்த்தாயா என்று
கதவைத் திறந்து திறந்து மூடினான்.
புகையெல்லாம் முகத்தில்.

உப்பு கொஞ்சம் கூடுதல்.
அளந்தது நான்தான்.
தராசு சரியாகத்தான் காட்டியது.