இரண்டு பச்சைப் புள்ளி

நான்காவது ஆட்டையும் இழுத்துப் போன மறுநாள்
சாமைக் கொல்லையில் காத்திருந்தேன்.
நாட்டுத் துப்பாக்கி, மடியில் மருந்து,
பீஞ்சமந்தைப் பனிக்கு விறைத்த ஒரு விரல்.

டார்ச் அடித்தேன்.
புதரடியில் இரண்டு பச்சைப் புள்ளி,
முழங்கால் உயரம்.
சிறுத்தைதான் என்றது கோபம்.

கண் தெரிகிறது, சரி.
காது எங்கே? முதுகு? வால்?
அதற்குப் பின்னால் என்ன?
விரலைக் குதிரையிலிருந்து எடுத்தேன்.
"யாரு?"

பதில் இல்லை.
இன்னொரு முறை கேட்டேன்.

புதர் இருமியது.
"நான்தான்யா, பொன்னாண்டி.
வெளிக்கு வந்தேன்.
வெளிச்சத்த அந்தாண்ட திருப்பு."
பக்கத்தில் அவன் நாய் வாலாட்டியது.

காலையில் டீக்கு அவனே காசு கொடுத்தான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
ஐந்தாவது ஆடு
அன்றைக்கே போயிருந்தது,
பட்டியின் மறுபக்கமாக.