பதினான்காம் கேள்வி

சலிமாவிலிருந்து சைக்கிள் டாக்சியில் நாற்பது நிமிடம்.
ஏரிக்கரையில் மீன் காயும் தட்டிகளுக்கு நடுவே
அன்றைய பன்னிரண்டாவது வீடு.
பெயர்: அலினாஃபே. வயது: பத்தொன்பது.
குழந்தை: ஆண், ஐந்து மாதம்.
டேப்லெட் கேட்ட வரிசையில் கேட்டுக்கொண்டு போனேன்.

சீம்பால் கொடுத்தாயா?
"மஞ்சளாக வந்ததே, அதுவா?
பிழிந்து மண்ணில் விடச் சொன்னார்கள் புருஷன் வீட்டில்.
தலையாட்டினேன்.
அவர்கள் தண்ணீருக்குப் போனதும்
இவன் வாயில் விட்டேன்."
'ஆம்' என்று தொட்டேன்.
தலையாட்டியதற்குக் கட்டம் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை முறை?
"நீ மூச்சை எண்ணுவாயா?"
எண்களை மட்டும் ஏற்கும் கட்டம்.
பத்து என்று போட்டேன்.

பதினான்கு:
தண்ணீர், கஞ்சி, வேறு ஏதேனும் கொடுத்ததுண்டா?
அவள் என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் நனைந்திருந்தது,
பையில் தைத்த அரசு முத்திரைக்குக் கீழே
ஒரு நாணயம் அகலத்துக்கு.
சற்று முன் அவள் மகன் சிணுங்கினான்.
என் மார்புக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

"உன்னுடையதற்கு எத்தனை மாதம்?"
நான்கு.
"எங்கே?"
லிலாங்வேயில். தங்கையிடம்.
"என்ன குடிக்கிறது?"
டின் பால், என்றேன்,
ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று
பதினோரு வீடுகளில் ஒப்பித்த அதே வாயால்.

திட்டியிருக்கலாம்.
எழுந்து போய் அடுப்படியில்
ஒரு துணியை வெந்நீரில் நனைத்துக் கொண்டுவந்தாள்.
"கல்லாகக் கட்டியிருக்கும். வை.
இப்போது தடவு. மாவு பிசைகிற மாதிரி இல்லை,
மீனைத் தடவுகிற மாதிரி,
தலையிலிருந்து வால் பக்கம்.
எதிர்த்தால் செதில் குத்தும், பாலும் வராது."

எனாமல் குவளையில்
முதலில் சொட்டு,
பிறகு நூல்,
பிறகு சத்தம்.
நான் அழுதேன். அவள் கதவை மட்டும் சாத்தினாள்.

தாய்ப்பாலைப் பீய்ச்சி வைக்கலாம் என்பது
எனக்குத் தெரியும்.
பயிற்சியில் இருந்தது, ஒன்பதாம் பக்கம், படத்தோடு.
படத்திலிருந்த பெண்ணுக்கு வலிக்கவில்லை.

கொதிநீரில் கழுவிய ஃபான்டா பாட்டில்,
சுற்றி ஈரத்துணி.
"வெயில் படாமல் மடியில் வை.
முகர்ந்து பார்த்துக் கொடு. புளித்திருந்தால் ஊற்றிவிடு,
மனசு கேட்காது, ஊற்றிவிடு."

பதினான்காம் கட்டம் இன்னும் காலி.
நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

சைக்கிள் கிளம்பிய பிறகு
தட்டிகளைத் தாண்டி ஓடிவந்து சொன்னாள்:
"தண்ணீர். போன மாதம் அந்த வெக்கையில்.
விரலில் தொட்டு ஒரே ஒரு தரம்.
எழுதுவதானால் எழுதிக்கொள்."