திணை வழு

காத்திங்கான் ஆற்றங்கரை முகாமில்
படிவம் முதலில் எண்ணைக் கேட்கிறது.
பிறகு பால், எடை, பல்லை வைத்து வயது.
தாய் என்ற கட்டத்தில் 'தகவல் இல்லை'.
உடலில் குண்டுகள்: எக்ஸ்ரே வெளிச்சத்தில்
பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினோம்.
முப்பத்தொன்று. உளுந்து அளவு ஏர்கன் ரவைகள்.
இடக்கண்ணுக்குப் பின்னால் இருப்பதை
அப்படியே விட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

நான் இங்கே வந்தது ஒராங்குட்டானுக்காக அல்ல,
அதைத் தூக்கி வைத்திருப்பவர்களுக்காக.
மானுடவியல். பதினான்கு மாத நிதி.
குறிப்பேடு தமிழில்,
யாரும் தோளுக்கு மேலே எட்டிப் படிக்க முடியாது என்று.
அங்கேயே மாட்டிக்கொண்டேன்.
'அது பால் குடித்தது' என்று எழுதி, அடித்து,
'அவள் பால் குடித்தாள்' என்று எழுதி,
அதையும் அடித்து,
வினைமுற்றே வேண்டாமென்று
'பால், 150 மில்லி, காலை 6.10'.

எல்பினாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது.
அவர்கள் பேச்சில் 'டியா' போதும்,
அவனுக்கு, அவளுக்கு, கொஞ்சம் தாராளமாக விட்டால்
இதற்கும்.
ஹாம்பர்க்கில் ஒரு ஐந்தாம் வகுப்பு
ஓட்டுப் போட்டு வைத்த பெயர் வில்மா.
எல்பினா கூப்பிடுவது ஆலு,
எந்தச் சின்னப் பெண்ணையும் கூப்பிடுகிற மாதிரி.

இரவுப் பணி. முகமூடி, கையுறை.
ஒன்பது கிலோ அவள் விலாவைக் கவ்விக்கொண்டு தூங்குகிறது.
எல்பினாவின் மகன் பலங்காராயாவில், சித்தி வீட்டில்.
வீடியோவில் முகமூடியைக் கழற்றச் சொல்லி அழுகிறான்.
கழற்றக் கூடாது.
நம் சளி இவளுக்கு நிமோனியா.
கண்ணை மட்டும் அகல விரித்து
சிரிப்பதாகக் காட்டுகிறாள்.
அவன் நம்பவில்லை.

பேட்டி 47. சாங்கென், ரப்பரும் டூரியானும் நான்கு ஏக்கர்.
மூன்று பக்கமும் கம்பெனியின் செம்பனை,
நான்காம் பக்கம் கம்பெனியின் கால்வாய்.
"அது காட்டிலிருந்து வரவில்லை," என்றார்,
"காடு இருந்த இடத்திலிருந்து வந்தது."
சுவரொட்டியில் இருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார்.
இரண்டு மணி நேரத்தில் இரண்டு ஜீப்,
டாக்டர், வலை, மயக்க ஊசி.
"நாலு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு வலி கண்ட ராத்திரி
நடு ஆற்றில் படகு மோட்டார் நின்றுபோனது.
எந்த நம்பருக்கு அடிப்பது?
நான் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தால் வந்திருப்பார்களோ?"
'சிரித்தார்' என்று எழுதியிருக்கிறேன்.
ரிக்கார்டரில் சிரிப்பு இல்லை.

ஆணியில் ஏர்கன் தொங்கியது,
அதே ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை.
யார் சுட்டது என்று நான் கேட்கவில்லை.
கேள்விப் பட்டியலில் அது இருந்தது.
பத்தொன்பதாவது.

கிளம்பும்போது இரண்டு டூரியான் கட்டிக் கொடுத்தார்.
ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு
எல்பினாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:
"கண் எப்படி இருக்கிறது?"

கண்ணைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

எல்பினா உடனே பதில் சொல்லவில்லை.
சாலையில் ஒரு பனங்குலை லாரி போய் முடிந்தது.
"இடது தெரியாது," என்றாள். "வலது நன்றாகத் தெரியும்.
கிளையைத் தப்பாமல் பிடிக்கிறாள்."
தலையாட்டினார். கதவை விட்டார்.

வெளிப்பழம் முகாமுக்குள் கூடாது.
ஒன்றை வழியில் நின்று தின்றோம்.
மற்றதை எல்பினா மகனுக்கென்று எடுத்துவைத்தாள்.
அதற்குள் முகாமிலிருந்து போன்:
மழை, ஆலு தூங்கமாட்டேன் என்கிறது, சீக்கிரம் வா.

இரவு ஒலிப்பதிவைத் தமிழில் எழுதினேன்.
'பிடிக்கிறாள்' என்று தானாக விழுந்திருந்தது.
எல்பினா சொன்ன சொல்லில் பாலும் இல்லை, திணையும் இல்லை.
ரப்பரை எடுத்தேன், கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் அந்தப் படிவம்,
தாய் என்ற கட்டம்,
அதில் நான் எழுதிய 'தகவல் இல்லை'.
அழிக்க வேண்டியது எதுவென்று தெரிந்தது.
விளக்கை அணைத்தேன்.
என் விரலில் இன்னும் டூரியான் வாசம்.